கால் சுற்று

திருகக்கூடிய எதைக் கண்டாலும் அவள் விரல்கள் சும்மா இருக்காது. பாட்டில் மூடி, தண்ணீர்க் குழாய், ரேடியோவின் குமிழ் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் திருகிப் பார்த்துவிடுவாள். ஒருமுறை வகுப்பில் கணக்குப் பாடம் முடிவதற்குள் ஒரு நாற்காலியின் நாலு திருகுகளையும் கழற்றிவிட்டாள். அது அவளே உட்கார்ந்திருந்த நாற்காலி. அதனால் ஆசிரியர் தனியாகத் தண்டனை எதுவும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் அவளைத் 'திருகாணி' என்றே கூப்பிட்டார்கள். வயது பத்தரை.

திருகாணியின் அம்மா பழைய மெஷின்களைப் பழுது பார்ப்பவர். வீட்டை ஒட்டியே பட்டறை. அம்மாவுக்குத் துணையாக அவருடைய தம்பி, அதாவது திருகாணியின் மாமா, வேலை செய்தார். கதவு வழியாக வரும்போது ஒருக்களித்துத்தான் வருவார். அவ்வளவு பெரிய உருவம். தெருவுக்கே அவர் 'யானை'. திருகாணிக்கு 'யானை மாமா'.

யானை மாமாவுக்கு மனசு பஞ்சு. கைதான் இரும்பு. குடையை விரித்தால் கம்பி வளையும். கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் கையோடு வரும். அவர்கள் வீட்டில் பிடி உள்ள டீக் கோப்பை ஒன்றுகூடக் கிடையாது.

"பிடி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? டீ உள்ளே நிக்குதா இல்லையா, அதைப் பாருங்க" என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ரொட்டிக்கடை அத்தையின் மாவு பிசையும் மெஷின் பட்டறைக்கு வந்தது. தெருக்கோடியில் இருந்த அந்தக் கடையிலிருந்துதான் தெருவில் பாதி வீடுகளுக்கும், பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் தினமும் ரொட்டி போகும். மெஷினைச் சக்கரப் பலகையில் ஏற்றி மாமா ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு வந்தார். நோயாளியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, அத்தை பின்னாலேயே வந்தார்.

"ஒரு வாரமா உறுமுது. திடீர்னு நின்னுடுது. பிழைக்குமா?" என்று கேட்டார் அத்தை.

அம்மா மெஷினைக் கையால் சுற்றினார். காதை வைத்துக் கேட்டார்.

"பிழைச்சிடும்க்கா. உள்ளே பேரிங் தேய்ஞ்சு போச்சு. புதுசு போட்டா சரியாயிடும். ஆனா முதல்ல இந்தக் கையைக் கழட்டியாகணும்."

மெஷினின் கை என்பது வளைந்த பெரிய இரும்புக் கொக்கி. அதுதான் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி மாவைப் பிசையும். கட்டைவிரல் பருமனுள்ள ஒரு போல்ட், கையின் தோள் வழியாக நுழைந்து அதைச் சுழலும் தண்டோடு இறுக்கிப் பிடித்திருந்தது. போல்ட் முழுக்கத் துரு. வருடக் கணக்கில் மாவும் தண்ணீரும் பட்டுப் பட்டு, அது தண்டோடு தண்டாக ஒட்டிப் போயிருந்தது.

அம்மா ஸ்பேனரை மாட்டி ஒரே ஒரு முறை அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் பலமா அழுத்திப் பாரேன்" என்றார் அத்தை.

"வேண்டாம்க்கா. துரு பிடிச்ச போல்ட்டோட மல்லுக்கு நின்னா, அது கழலாது, உடையும். எண்ணெய் விட்டு ஊறப் போடுவோம். வியாழக்கிழமை பார்க்கலாம்."

"அதுவரைக்கும் மாவு?"

"கையாலதான்க்கா."

அத்தை தன் இரண்டு கைகளையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டு கிளம்பினார்.

எண்ணெய் விடும் பொறுப்பு திருகாணிக்குக் கிடைத்தது. காலையும் மாலையும் போல்ட்டைச் சுற்றி நாலு சொட்டு. அப்புறம் சின்னச் சுத்தியலால் அதன் தலையில் மெதுவாகப் பத்துத் தட்டு. தட்டினால்தான் எண்ணெய் துருவுக்குள் இறங்கும்.

"அவ்வளவுதான் உன் வேலை. ஸ்பேனரைத் தொடக் கூடாது. புரியுதா?" என்றார் அம்மா.

"புரியுதும்மா."

சொன்னபோது அவள் உண்மையாகத்தான் சொன்னாள்.

புதன்கிழமை மாலை அம்மாவும் மாமாவும் பேரிங் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். திருகாணி நாலு சொட்டு எண்ணெய் விட்டாள். பத்துத் தட்டுத் தட்டினாள். வேலை முடிந்தது. ஆனால் விரல்கள் முடிக்கவில்லை.

'ஊறியிருக்குமோ? அம்மா வரும்போது போல்ட் மேஜை மேல் இருந்தால் எப்படி இருக்கும்?'

ஸ்பேனரை எடுத்து மாட்டினாள். எல்லா போல்ட்டும் இடப்பக்கம் திருப்பினால் கழலும், வலப்பக்கம் திருப்பினால் இறுகும். இது அவளுக்கு மூன்று வயதிலேயே தெரியும். இடப்பக்கம் தள்ளினாள். அசையவில்லை. சும்மா வலப்பக்கம் தள்ளிப் பார்த்தாள்.

'க்ரீச்!'

கால் சுற்று நகர்ந்துவிட்டது.

திருகாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஐயோ! கழட்டச் சொன்னா நான் இன்னும் இறுக்கிட்டேனே!'

அவசரமாக இடப்பக்கம் திருப்பினாள். போல்ட் பழைய இடத்துக்கு வந்து நின்றது. அதற்கு மேல் அசைய மறுத்தது. 'நான் இறுக்கியதால்தான் இப்படி' என்று நினைத்தாள். மூலையில் கிடந்த நீளக் குழாயை ஸ்பேனரின் பிடியில் செருகினாள். குழாய் நீளமாக இருந்தால் பலம் பல மடங்கு ஆகும், அதுவும் அவளுக்குத் தெரியும். மெஷினின் அடியில் ஒரு காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இடப்பக்கமாக இழுத்தாள்.

'டக்!'

திருகாணி தரையில் கிடந்தாள். குழாய் ஒரு பக்கம், ஸ்பேனர் ஒரு பக்கம். போல்ட்டின் தலை அவள் மடியில். மீதித் துண்டு தண்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. அப்புறம் தோன்றியதுதான் மோசம். கிரீஸ் டப்பாவை எடுத்து, உடைந்த இடத்தில் தடவி, தலையைப் பழையபடி ஒட்டி வைத்தாள். குழாயை மூலையில் போட்டாள். பார்த்தால் எதுவுமே நடக்காதது போல இருந்தது.

'நாளைக்குச் சொல்லிக்கலாம்' என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது பட்டறையில் அம்மாவின் குரல் கேட்டது.

"டேய், ஸ்பேனரை எடு. லேசா ஒரு தரம் பார்ப்போம். பூவைத் தொடுற மாதிரி தொடணும், தெரியுதா?"

"பூவைத் தொடுற மாதிரியே தொடுறேன்க்கா."

திருகாணி பட்டறை வாசலுக்கு ஓடினாள். மாமா நாக்கைக் கடித்துக்கொண்டு, ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து, ஒரு குழந்தையின் கன்னத்தைத் திருப்புவது போலத் திருப்பினார்.

போல்ட்டின் தலை கழன்று கீழே விழுந்து உருண்டது.

 அம்மா குனிந்து அதை எடுத்துப் பார்த்தார்.

"ஏண்டா..."

"நான் அழுத்தவே இல்லக்கா" என்றார் மாமா. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சத்தியமா அழுத்தல." இன்னொரு முறை பார்த்தார். குரல் இறங்கிப் போனது. "அழுத்திட்டேன் போல."

திருகாணி வாயைத் திறந்தாள்.

"நீ ஏன் நிக்கிற? நேரமாச்சு, கிளம்பு" என்றார் அம்மா.

அவள் கிளம்பினாள். 'அம்மா போகச் சொன்னதால்தான் போகிறேன்' என்று தெருமுனை வரைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தெருமுனையைத் தாண்டியதும் அதை அவளாலேயே நம்ப முடியவில்லை.

மாலையில் திரும்பி வந்தபோது தண்டுக்குள் மாட்டிக்கொண்ட போல்ட் துண்டின் மேல் அம்மா ஒரு நட்டை வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார். நட்டைப் பிடித்துத் திருப்பினால் துண்டும் சேர்ந்து வந்துவிடும் என்பது கணக்கு. அம்மா இடப்பக்கம் திருப்பினார். நட்டுதான் பிய்ந்து வந்தது. இரண்டாவது நட்டு வைத்தார். அதுவும் வந்துவிட்டது. மூன்றாவது நட்டு வெல்டிங்கோடு கழன்று அம்மாவின் காலடியில் விழுந்தது.

"இந்த போல்ட்டுல மரை கழலல. எனக்குத்தான் மரை கழலுது" என்று அம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எப்போதும் இதற்கு முதலில் சிரிப்பவர் மாமா. இன்றைக்கு அவர் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டீக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில், ஒரு குருவிக் குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். இவ்வளவு ஜாக்கிரதையாக அவர் எதையும் பிடித்துத் திருகாணி பார்த்ததில்லை. அவள் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ரொட்டிக்கடை அத்தை வந்தார். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. மாவு பிசைந்து பிசைந்து வீங்கிவிட்டதாம்.

"என்னம்மா ஆச்சு? இது ஏன் மொட்டையா நிக்குது?"

"போல்ட் உடைஞ்சு போச்சுக்கா. நான்தான் உடைச்சேன்" என்றார் மாமா.

அத்தை அவரையும் அவர் கையையும் பார்த்தார். மணிக்கட்டு வலி அத்தையின் குரலில் ஏறிக்கொண்டது.

"உன் கையில குடுத்தா வேற என்ன ஆகும்? தம்பி, தப்பா எடுத்துக்காதே. இனிமே என் மெஷின் பக்கம் வராதே."

"சரிக்கா" என்றார் மாமா.

கதவுக்குப் பின்னால் நின்ற திருகாணிக்கு அது கேட்டது. இப்போது போய்ச் சொல்லிவிடலாம். நாலே எட்டு. ஆனால் நேற்றே சொல்லியிருந்தால், ஒரு போல்ட்டை உடைத்ததோடு முடிந்திருக்கும். இன்றைக்குச் சொன்னால், மாமாவைத் திட்டு வாங்க விட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் அந்த நாலு எட்டும் நாலு மைல் ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பட்டறையில் மாமா இல்லை.

"மாமா எங்கேம்மா?"

"சிமெண்ட் கிடங்குல மூட்டை தூக்கப் போயிட்டான். மூட்டைன்னா உடையாதாம்." அம்மா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேக்கல."

அன்று முழுக்கத் திருகாணி எதையும் திருகவில்லை. டீச்சர் அவள் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. அம்மா கேஸ் சிலிண்டரை இழுத்து வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்.

"என்னம்மா பண்ணப் போறீங்க?"

"தோளோட சேர்த்துச் சூடு பண்ணித் தட்டிப் பார்க்கணும். சூட்டுல துரு விட்டுக் குடுக்கும். ஆனா இந்தக் கை வார்ப்பிரும்பு. தாங்குமான்னு தெரியல. இதைவிட்டா வேற வழியும் இல்ல. நீ தள்ளி நில்லு."

திருகாணி தள்ளி நின்றாள். 'இப்போ சொல்லலாம். இல்ல, இது வேலை செஞ்சுட்டா சொல்லவே வேண்டியிருக்காது. செய்யலைன்னா சொல்லிடலாம்' என்று நினைத்துக்கொண்டாள்.

தீ நாக்கு நீலமாகச் சீறியது. இரும்பு மெல்லச் சிவந்தது. அம்மா சுத்தியலால் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

'பட்.'

காய்ந்த குச்சி ஒடிவது போன்ற சின்னச் சத்தம்தான். அம்மா சட்டென்று தீயை அணைத்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கையின் தோளில், தலைமுடி போல ஒரு கோடு ஓடியிருந்தது. விரிசல்.

 அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா பட்டறைத் தரையில் உட்கார்ந்து திருகாணி பார்த்ததே இல்லை.

"அம்மா, அந்த போல்ட்டை மாமா உடைக்கல. நான்தான் உடைச்சேன்."

அம்மா தலை நிமிர்ந்தார்.

"எப்போ?"

"புதன்கிழமை. நீங்க கடைத்தெருவுக்குப் போனப்போ. உடைஞ்ச தலையை கிரீஸ் வச்சு ஒட்டிட்டேன்."

திட்டு வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். வரவில்லை. அம்மா அவளை ரொம்ப நேரம் பார்த்தார். திட்டியிருந்தாலே தேவலை என்று இருந்தது.

"முதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம."

திருகாணி சொன்னாள். ஒட்டிய கதையைச் சொன்னாள், குழாயைச் செருகிய கதையைச் சொன்னாள். அந்தக் கால் சுற்றை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இருக்கிற முட்டாள்தனத்தில் அது இன்னொரு முட்டாள்தனம்தானே? ஆனால் ஒன்று விடாமல் என்று அம்மா கேட்டிருந்தார்.

"அதுக்கு முன்னாடி, தெரியாம வலப்பக்கம் திருப்பிட்டேன்மா. கால் சுற்று நகர்ந்துடுச்சு. இறுக்கிட்டேனேன்னு பயந்துதான்..."

"நில்லு." அம்மா எழுந்துவிட்டார். "எந்தப் பக்கம் நகர்ந்துச்சு?"

"வலப்பக்கம்."

"இடப்பக்கம்?"

"அசையவே இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நிச்சயமா வலப்பக்கமா?"

"நிச்சயமா. க்ரீச்சுன்னு சத்தம்கூட வந்துச்சு."

அம்மா மெஷினின் தண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். மெஷின் ஓடும்போது அது எந்தப் பக்கம் சுற்றும் என்று யோசித்தார். பளாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இடமரை! சைக்கிள்ல இடது பக்கப் பெடலை எப்படிக் கழட்டுவோம்?"

"தலைகீழா. எல்லாத்துக்கும் எதிர்ப்பக்கமா."

"அதேதான். இந்தக் கை சுத்துற வேகத்துல சாதாரண போல்ட்டு தானாவே கழண்டுடும். அதனால எதிர்ப்பக்கமா மரை வெட்டின போல்ட்டைப் போட்டிருக்காங்க. துருவுல அது வெளியே தெரியல. மெஷின் சுத்துற பக்கத்தைப் பார்த்தாவது எனக்குத் தோணியிருக்கணும். இத்தனை நாளா நாம அதைக் கழட்டவே இல்ல, திருகாணி. இறுக்கிக்கிட்டே இருந்திருக்கோம்."

இரும்பு ஆறியதும் அம்மா நாலாவது நட்டை ஒட்டினார். ஸ்பேனரை மாட்டி, வலப்பக்கம் திருப்பினார். 'க்ரீச்' என்று ஒரு முனகல். கால் சுற்று. அரைச் சுற்று. துண்டு சுற்றிச் சுற்றி வெளியே வந்து அம்மாவின் உள்ளங்கையில் விழுந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததைப் பார்க்கத் திருகாணிக்கு அழுகை வந்தது.

"வியாழக்கிழமையே நான் சொல்லியிருந்தா?"

"அரை மணி நேர வேலை."

"இன்னிக்குக் காலையில சொல்லியிருந்தா?"

அம்மா விரிசலின் மேல் விரலை ஓட்டினார்.

"இது வந்திருக்காது."

ஆறுதலாக வேறு எதுவும் அம்மா சொல்லவில்லை. திருகாணியும் எதிர்பார்க்கவில்லை.

"கிடங்கு எந்தப் பக்கம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

சிமெண்ட் கிடங்கின் வாசலில் ஒரு லாரி நின்றது. மாமா மூட்டை ஒன்றை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தார். தலை முதல் கால் வரை சாம்பல் நிறம். நிஜ யானை மாதிரியே இருந்தார். வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

திருகாணி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மாமா தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிமெண்ட் போகவில்லை, இன்னும் பரவியது.

"அப்போ நான் அழுத்தல."

"இல்ல மாமா. நீங்க பூவைத் தொடுற மாதிரிதான் தொட்டீங்க."

"ரெண்டு நாளா இந்தக் கையை நான் என்னவெல்லாம் திட்டினேன் தெரியுமா?"

"தெரியும் மாமா. டீ குடிக்கும்போது பார்த்தேன்."

"பார்த்துமா சொல்லல?"

"சொல்லல."

மாமா அவளைத் திட்டவில்லை. 'போனா போகுது விடு' என்றும் சொல்லவில்லை. இரண்டில் ஒன்று நடக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"வீட்டுக்குப் போ. லாரி காத்திட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு மாமா அடுத்த மூட்டையைத் தூக்கினார்.

திருகாணி வீட்டுக்குப் போகவில்லை. நேராக ரொட்டிக்கடைக்குப் போனாள். அத்தை வீங்கிய கையோடு மாவை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, போல்ட்டை யானை மாமா உடைக்கல. நான் உடைச்சுட்டு மறைச்சுட்டேன். இப்போ மெஷினோட கையிலயும் விரிசல் விட்டுடுச்சு."

அத்தையின் கை நின்றது.

"அந்தப் பிள்ளையை நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே!" என்றார்.  அப்புறம் பெருமூச்சு விட்டு, "நீ ஒண்ணு செய்யி. போய்க் கையைக் கழுவிட்டு வா. முழங்கை வரைக்கும்" என்றார்.

மாவு பிசைவது விளையாட்டு என்று திருகாணி நினைத்திருந்தாள். பத்து நிமிடத்தில் விரல் வலித்தது. கால் மணியில் தோள் வலித்தது. மாவு, 'நீ யார் என்னை மடக்க?' என்பது போல எழுந்து எழுந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மறுபடி போனாள். திங்கட்கிழமை பள்ளிக்கு முன்னால் ஒரு தரம் போனாள். அன்றைக்கு வகுப்பில் பென்சிலைப் பிடிக்கவே விரல் மடங்கவில்லை. அத்தை இத்தனை நாளும் இதைத் தனியாகச் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மாலை மெஷின் தயாரானது. விரிசலைச் சுற்றி அம்மா இரும்புப் பட்டை கட்டி முடுக்கியிருந்தார். அம்மாவும் திருகாணியும் மெஷினைச் சக்கரப் பலகையில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தெருவில் பத்தடி போனதும் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கிக்கொண்டது. தள்ளினார்கள். அசையவில்லை. மூச்சுப் பிடித்துத் தள்ளினார்கள். திடீரென்று மெஷின் காற்றாடி போல முன்னால் போனது.

திருகாணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யானை மாமா ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். காதோரம் இன்னும் சிமெண்ட்.

"மூலையில நின்னு பார்த்திட்டேதான் இருந்தேன்" என்றார் மாமா, அம்மாவிடம். "நீங்க ரெண்டு பேரும் தள்ளுற லட்சணத்தைப் பார்க்கச் சகிக்கல."

ரொட்டிக்கடை வாசலில் அவர் நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

"உள்ளே வா தம்பி" என்று அத்தை அவர் கையைப் பிடித்தார். "அன்னிக்கு என் நாக்கு நீண்டு போச்சு. மனசுல வச்சுக்காதே."

மெஷினைப் பழைய இடத்தில் வைத்தார்கள். புது போல்ட்டைக் கடைசியாக முடுக்க வேண்டும். அம்மா ஸ்பேனரை மாமாவிடம் நீட்டினார். மாமா வாங்கிக்கொண்டு திருகாணியைப் பார்த்தார். சனிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?"

"இறுக்கணும்னா இடப்பக்கம் மாமா."

மாமா இடப்பக்கம் திருப்பினார்.

மெஷின் ஓடியது. உறுமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் பட்டை கட்டிய இடத்திலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. டொக். டொக். டொக்.

"இது போகாதா?" என்று கேட்டார் அத்தை.

"போகாதுக்கா. இந்தப் பழைய மெஷினுக்குப் புதுக் கை எங்கேயும் கிடைக்காது. இது இப்படித்தான் ஓடும்" என்றார் அம்மா.

திருகாணி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தை தொட்டிக்குள் புரளும் மாவைப் பார்த்தார். துணி சுற்றிய தன் மணிக்கட்டையும் பார்த்தார்.

"ஓடட்டும். எனக்கும் வேலை நேரத்துல பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் ஆச்சு" என்றார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார். "தம்பி, பின்கட்டுல முட்டைத் தட்டு இருக்கு. முப்பது முட்டை. என் மணிக்கட்டு தாங்காது. கொஞ்சம் எடுத்துட்டு வா."

"நானா?" மாமாவின் கண் விரிந்தது. "முட்டையையா? வேண்டாம்க்கா..."

"நீதான். போ."

மாமா முட்டைத் தட்டை எடுத்தார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார். அடிமேல் அடி வைத்து வந்தார். திருகாணி முன்னால் ஓடி அவருக்காகக் கதவை அகலமாகத் திறந்தாள். திறந்த வேகத்தில் கதவின் விளிம்பு மாமாவின் முழங்கையில் இடித்தது. தட்டு ஆடியது. ஓரத்தில் இருந்த ஒரு முட்டை எகிறித் தரையில் விழுந்து உடைந்தது.

மாமாவின் முகம் வெளுத்துப் போனது. "பார்த்தீங்களா, என் கை..."

"நான்தான் இடிச்சேன்!" என்று திருகாணி கத்தினாள். "அத்தை, கதவை நான்தான் இடிச்சேன்! மாமா நேராத்தான் பிடிச்சிருந்தாங்க!"

அவள் கத்திய கத்தலில் தெருவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமா தரையில் கிடந்த முட்டையைப் பார்த்தார். கையில் இருந்த இருபத்தொன்பதைப் பார்த்தார். அப்புறம் திருகாணியைப் பார்த்தார். அவர் உதட்டோரம் மெல்ல அசைந்தது.

"அதுக்கு ஏன் இப்படிக் கத்துற? மீதியும் பயந்து உடைஞ்சிடப் போகுது. ஓடிப் போய் ஒரு துணி எடுத்துட்டு வா, ரெண்டு பேருமா துடைப்போம்."